ரிசப்ஷன் நாற்காலியில் படிப்பது எப்படி

விற்பனை வேலை என்றால் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பதினெட்டு வருடமாகத் தொழிற்சாலைகளுக்குக் கம்ப்ரஸர் விற்கிறேன், மெஷின்களை ஓட்டக் காற்றை அழுத்திக் கொடுக்கும் இயந்திரம். என் வேலையில் பாதிக்கு மேல் உட்கார்ந்திருப்பதுதான். சந்தேகம் வந்து ஒரு வாரம் கணக்கெடுத்தும் பார்த்தேன். ஐந்து நாளில் பதினொரு சந்திப்பு. வாடிக்கையாளர்களோடு பேசியது 4 மணி 10 நிமிடம். அவர்கள் கூப்பிடுவார்கள் என்று ரிசப்ஷனில் காத்திருந்தது 6 மணி 20 நிமிடம். பயண நேரத்தை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் வயிறு எரியும்.

போன வருடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரை இரண்டு வாரம் என்னோடு அனுப்பினார்கள். மூன்றாம் நாளே, "அக்கா, இப்படி உட்கார்ந்தே இருக்கோமே, உங்களுக்கு போரடிக்கலையா?" என்று கேட்டார். போரடிக்கவில்லை, ஏனென்றால் நான் படித்துக்கொண்டிருந்தேன். எப்படிப் படிப்பது, என்ன படிப்பது, படித்ததை வேலைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் போனை அணைக்காமல், சத்தத்தை மட்டும் நிறுத்திப் பையின் உள்ளறையில் போடுங்கள். மேல் அறையில் வேண்டாம், கை தானாகப் போகும். போனில் படித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. படிக்கலாம், ஆனால் நான்காவது வரியில் அலுவலகத்திலிருந்து "அந்த கொட்டேஷன் என்னாச்சு?" என்று வந்து விழும். அதற்குப் பதில் எழுதி முடிக்கும்போது உள்ளே கூப்பிடுவார்கள். தலையில் கொட்டேஷனோடு உள்ளே போவீர்கள், எதிரே இருப்பவர் சொல்லும் முதல் இரண்டு வாக்கியம் காதில் விழாது. எனக்கு இது பல தடவை நடந்திருக்கிறது. அந்த முதல் இரண்டு வாக்கியத்தில்தான் அவர் எதற்காக உங்களை வரச்சொன்னார் என்பது பெரும்பாலும் இருக்கும்.

புத்தகம் ஒல்லியாக இருக்கட்டும். ஒரு கையால் பிடித்துப் படிக்கக் கூடியது, பைக்குள் போட்டால் மடங்காதது. சிறுகதைகள், கட்டுரைகள், கவிதை, பயணக் குறிப்பு, யாராவது ஒருவருடைய கடிதங்கள் என்று துண்டு துண்டாக முடிகிறவை ரிசப்ஷனுக்குச் சரி. பெரிய நாவலை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாவலின் நடுவில் யாரோ சாகப்போகிற இடத்தில் உங்கள் பெயரைக் கூப்பிட்டால், சந்திப்பில் பாதி மனது அந்தச் சாவு வீட்டிலேயே நிற்கும்.

விற்பனை பற்றிய புத்தகங்களை முதல் நான்கைந்து வருடம் விழுந்து விழுந்து படித்தேன். பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றையே படித்துக்கொண்டிருந்தால் எதிரே இருக்கும் மனிதர் 'ஆட்சேபணை எண் மூன்று' மாதிரி தெரிய ஆரம்பிப்பார். ஒரு முறை பேரம் பேசும் கலை பற்றிய புத்தகம் ஒன்றை மடியில் வைத்து, அட்டை தெரியப் படித்துக்கொண்டிருந்தேன். பர்ச்சேஸ் மேனேஜர் வெளியே வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எங்ககிட்டதான் பரீட்சையா மேடம்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று அவர் கேட்ட தள்ளுபடிக்கு என்னால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியவில்லை. அதிலிருந்து எல்லாப் புத்தகத்துக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டுவிடுகிறேன். தொழில் சம்பந்தமாக ஒன்று படித்தால், சம்பந்தமே இல்லாத இரண்டு. இது என் கணக்கு. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

சரி, இனிமேல்தான் முக்கியமான வேலை.

பத்து நிமிடம் படித்ததும் புத்தகத்தை மூடுங்கள். மூடிவிட்டு, இப்போது படித்தது என்ன என்று பாக்கெட் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். திரும்பத் திறந்து பார்க்கக் கூடாது. அடிக்கோடு போடுவது, மார்க்கர் பேனாவால் மஞ்சள் பூசுவது எல்லாம் இதற்கு ஈடாகாது. பூசும்போது கை வேலை செய்கிறது, மண்டை ஓய்வெடுக்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே பகுதியை ஒரு கூட்டம் நான்கு தடவை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு தடவை படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை மாறிவிட்டது. நான்கு தடவை படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

எழுதும்போது சில நாள் மூன்றாவது வரி வரவே வராது. பத்து நிமிடம் படித்தது ஒன்றரை வரிதானா என்று வெட்கமாக இருக்கும். பரவாயில்லை, அந்த ஒன்றரை வரியை எழுதுங்கள். இரண்டு வாரத்தில் மூன்று வரி வந்துவிடும், எனக்கு வந்தது.

இந்தப் பழக்கம் கையில் ஏறியதும் அதையே சந்திப்புக்கும் மாற்றுங்கள். நான் இதற்கு வர எட்டு வருடம் எடுத்துக்கொண்டேன், நீங்கள் அவ்வளவு எடுக்க வேண்டாம். சந்திப்பு முடிந்து படியிறங்கினதும் வண்டியை எடுக்காதீர்கள், யாருக்கும் போன் பண்ணாதீர்கள். பத்து நிமிடத்துக்குள் அவர் சொன்னதை எழுதுங்கள். ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று விடுகிறவர்களுக்கு எபிங்ஹாஸ் கதையைச் சொல்வேன். ஜெர்மனிக்காரர். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறந்ததும் திரும்ப மனப்பாடம் செய்ய எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று தன்னையே வைத்து அளந்தவர். 1885இல் அதை வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது, ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. வாடிக்கையாளர் பேச்சு அர்த்தமில்லாத அசை இல்லைதான். ஆனால் அன்றைக்கு நீங்கள் சந்திப்பது நான்கு பேரை. ராத்திரி எழுத உட்கார்ந்தால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் வாயில் போட்டு எழுதுவீர்கள்.

எழுதும்போது ஒரே ஒரு கண்டிப்பு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்ன வார்த்தையையே எழுத வேண்டும், உங்கள் வார்த்தையில் மாற்றி எழுதக் கூடாது. புத்தகத்துக்கு நேர் எதிர் இது. படித்ததை உங்கள் சொல்லில் எழுதினால்தான் அது உங்களுடையதாகும். கேட்டதை உங்கள் சொல்லில் எழுதினால் அது அவருடையதாக இருக்காது.

இதை நான் கற்றுக்கொண்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலை. பிளாண்ட் மேனேஜர் அதிகம் பேசாதவர். "மதியத்துக்கு மேல காத்து பத்தல" என்றார். நான் நோட்டில் எழுதியது: "திறன் பற்றாக்குறை. ஒரு சைஸ் பெரிய மெஷின்." கொட்டேஷன் போட்டேன். விலை அதிகம் என்று கையை விரித்துவிட்டார். மூன்று தடவை ஃபாலோ-அப் பண்ணினேன், மூன்று தடவையும் அதே பதில். என் புத்தகங்கள் சொன்ன அத்தனை வித்தையையும் காட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

எட்டு மாதம் கழித்துத் திரும்பப் போனேன். அதற்குள் சொன்னதைச் சொன்னபடி எழுதும் பழக்கம் வந்திருந்தது. அவர் மறுபடியும் அதையே சொன்னார், எழுத்துப் பிசகாமல் எழுதினேன். ரிசப்ஷனுக்குத் திரும்பி வந்து அந்த வரியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. திறன் பற்றவில்லை என்றால் காலையிலும்தானே பற்றாது? 'மதியத்துக்கு மேல' என்ற இரண்டு சொல்லைத்தான் நான் போன தடவை தூக்கிப் போட்டிருந்தேன்.

திரும்ப உள்ளே போய், "மதியத்துக்கு மேல புதுசா என்ன ஓடும் சார்?" என்று கேட்டேன். பேக்கிங் பிரிவு அப்போதுதான் ஆரம்பிக்கும் என்றார். கம்ப்ரஸர் ரூமில் இருந்த வயதான ஆபரேட்டர், "அந்தப் பக்கம் போனா பாம்பு சீறுற மாதிரி இருக்கும்மா" என்றார். அவரிடம் எட்டு மாதம் முன்னால் நான் பேசவே இல்லை.

சீறுவது கசியும் காற்று. கசிவு எவ்வளவு என்று பரிசோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. இந்தத் தொழிலில் இல்லாதவர்களும் ஒரு தடவை படித்துப் பார்க்கலாம். லோடு (காற்றை அழுத்தி அனுப்புவது), அன்லோடு (அழுத்தாமல் சும்மா ஓடுவது) என்று மாறி மாறி ஓடும் சாதாரணக் கம்ப்ரஸராக இருந்தால் போதும், ஸ்டாப் வாட்ச் தவிர வேறு கருவி வேண்டாம். உணவு இடைவேளையில் காற்றைப் பயன்படுத்தும் எல்லா மெஷினையும் நிறுத்த வேண்டும், குழாய் வால்வுகள் மட்டும் திறந்தே இருக்க வேண்டும். இப்போது காற்று எங்கேயும் செலவாகக் கூடாது. ஆனாலும் பிரஷர் இறங்கி கம்ப்ரஸர் லோடு எடுத்தால், அது முழுக்கக் கசிவை நிரப்பத்தான். எத்தனை வினாடி லோடில் ஓடுகிறது, எத்தனை வினாடி அன்லோடில் கிடக்கிறது என்று ஐந்தாறு சுற்று பார்த்துச் சராசரி எடுங்கள். லோடு நேரத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் கசிவு சதவீதம் வந்துவிடும்.

அன்று லோடு 70 வினாடி, அன்லோடு 110 வினாடி. 70ஐ 180ஆல் வகுத்தால் ஏறக்குறைய 39 சதவீதம். பிளாண்ட் மேனேஜர் பேசாமல் என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேக்கிங் பிரிவுக்குப் போகும் வால்வை மட்டும் மூடிவிட்டுத் திரும்பப் பார்த்தோம். லோடு 48 வினாடி. அன்லோடு போய்க்கொண்டே இருந்தது, ஆறரை நிமிடம், 390 வினாடி. கசிவு 11 சதவீதம். கோளாறு எங்கே என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. குழாய்களை மாட்டும் கப்ளர்கள் தேய்ந்தவை, வெடித்த ஹோஸ், யாரோ துணி சுற்றி வைத்திருந்த ஒரு இணைப்பு. 7 பார் பிரஷரில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தாலே, அதன் வழியாகப் போகும் காற்றைத் தயாரிக்க மூன்று நான்கு கிலோவாட் மின்சாரம் வீணாகும். அங்கே எத்தனை ஓட்டை என்று நாங்கள் எண்ணவில்லை.

இன்னொன்றும் அங்கே நடந்திருந்தது. காற்று பற்றவில்லை என்று பிரஷரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு பார் ஏற்றினால் மின்செலவு ஏழு சதவீதம் வாக்கில் கூடும். போதாததற்கு, பிரஷர் ஏற ஏறக் கசிவும் கூடும். அதாவது மருந்தே நோயை வளர்த்துக்கொண்டிருந்தது.

கசிவை அடைத்தார்கள், காற்று போதுமான அளவு வந்தது. பெரிய மெஷின் தேவைப்படவில்லை, அந்தக் காலாண்டு டார்கெட்டில் நான் மண்ணைக் கவ்வினேன். மேலதிகாரி கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டாம். இரண்டு வருடம் கழித்து அதே தொழிற்சாலை புதுக் கூடம் கட்டியது. கம்ப்ரஸரை வேறு ஒருவரிடம் வாங்கினார்கள். ஆமாம், என்னிடம் கொட்டேஷன் கேட்டுவிட்டுத்தான். இப்படி நடந்தால் நேர்மை வீண் என்று நினைக்கிற நாட்கள் எனக்கும் உண்டு. ஆனாலும் "மதியத்துக்கு மேல காத்து பத்தல" என்ற வரியை ஒவ்வொரு புது நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதி வைக்கிறேன். அதற்கப்புறம் நான் விற்ற மெஷின்களில் எத்தனை அந்த வரியால் விற்றவை என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது, சும்மா இருப்பது. படிப்பு கற்றுக்கொடுக்கிற இன்னொரு விஷயம் இது, விற்பனையில் இருப்பவர்களுக்கு மிகக் கஷ்டமானதும் இதுதான். விலையைச் சொன்னதும் ஒரு மௌனம் வரும். அதில் பயந்துபோய் நாமே "இதுல கொஞ்சம் பார்த்துப் பண்ணலாம் சார்" என்று வாயை விட்டுவிடுவோம். பேச்சில் ஒருவர் முடித்து இன்னொருவர் ஆரம்பிப்பதற்கு இடையே உள்ள இடைவெளியைப் பத்து மொழிகளில் அளந்து 2009இல் ஓர் ஆய்வு வந்தது. சராசரி ஏறக்குறைய 200 மில்லிவினாடி, அதாவது ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. மனிதர்களுக்குப் பழகிய இடைவெளி அவ்வளவுதான். அதனால் மூன்று வினாடி மௌனம் முழுப் பொழுது மாதிரி கனக்கிறது. எதிரே இருப்பவர் யோசிக்கிறார் அல்லது கூட்டிக் கழிக்கிறார். நமக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளில் இதையே கவனித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு வினாடிதான் பொறுத்தார்கள். மூன்று வினாடி பொறுக்கச் சொன்னதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே இல்லாமல் போவது குறைந்தது. நான் செய்வது இதுதான்: விலையைச் சொன்னதும் நோட்டில் அந்தத் தொகையை மெதுவாக, அழகான கையெழுத்தில் எழுதுவேன். கீழே ஒரு கோடு போடுவேன். அதற்கே நான்கு வினாடி ஆகிவிடும். கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டு மௌனமாக இருப்பது மிரட்டல் மாதிரி ஆகிவிடும், அதைச் செய்யாதீர்கள்.

வீட்டில் இதையெல்லாம் காட்டப் போகாதீர்கள் என்று ஒரு எச்சரிக்கை. பள்ளியில் என்ன நடந்தது என்று மகனிடம் கேட்டுவிட்டு நான்கு வினாடி காத்திருந்தேன். "என்னம்மா, என்கிட்ட எதாவது விக்கப் போறீங்களா?" என்றான். பதின்மூன்று வயது. ஆனால் அவன் சொன்ன வார்த்தையிலேயே நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வீட்டிலும் உதவுகிறது. "ஒண்ணுமில்ல" என்று அவன் சொல்வதும் "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்வதும் எனக்கு இப்போது ஒன்றாகக் கேட்பதில்லை. இரண்டாவதைச் சொன்னால் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பேன். பாதி துணி மடிவதற்குள் விஷயம் வந்துவிடும்.

நோட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று தம்பி கேட்டார். பக்கத்துக்கு எண் போடுங்கள், கடைசி நான்கு பக்கத்தை அட்டவணைக்கு ஒதுக்குங்கள். படித்தது, கேட்டது என்று தனித்தனி நோட்டு வேண்டாம், எல்லாம் ஒன்றிலேயே கலந்து கிடக்கட்டும். தத்துவவாதி ஜான் லாக் குறிப்பேட்டுக்கு ஒரு அட்டவணை முறை வகுத்தார், ஆங்கிலத்தில் அது 1706இல் வெளிவந்தது. தலைப்புச் சொல்லின் முதல் எழுத்து, அதற்கடுத்து வரும் உயிரெழுத்து, இரண்டையும் சேர்த்து ஒரு கட்டம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு அந்தச் சிரமமே இல்லை, நம் எழுத்திலேயே மெய்யும் உயிரும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. என் நோட்டில் 'கா' என்ற கட்டத்தில் காத்து, காலக்கெடு, காரணம், காத்திருப்பு எல்லாம் வரிசையாக நிற்கின்றன, பக்க எண்களோடு. ஒரு கவிதையைப் பற்றி எழுதிய மூன்று வரியும், ஒரு மெயின்டனன்ஸ் இன்ஜினியர் தாமதத்தைப் பற்றிப் புலம்பியதும் 'தா' கட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்த அன்றுதான் அவருக்கு டெலிவரி தேதியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று புரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம் அந்த வாரப் பக்கங்களைப் புரட்டி அட்டவணையில் ஏற்றுங்கள். அவ்வளவுதான் பராமரிப்பு. கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியதை ஏற்றத்தான் வேண்டும், அலுவலகம் கேட்கும். ஆனால் அங்கே இருக்கும் கட்டங்களில் "பாம்பு சீறுற மாதிரி" என்று எழுத இடம் இருக்காது. 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் கடைசியில் இருந்தால் அதில் வாடிக்கையாளரின் ஒரு வாக்கியத்தையாவது அப்படியே போடுங்கள். உங்களுக்குப் பின் அந்த இடத்துக்கு வருகிறவருக்கு உதவும்.

படிப்பு ஓடாத நாட்கள் வரும். காலாண்டுக் கடைசி வாரம் எனக்கு ஒரு வரி ஏறாது, ஒரே பத்தியை ஐந்து தடவை படிப்பேன். அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரிசப்ஷனைப் பார்ப்பேன். யார் வருகிறார்கள், எந்த லாரி உள்ளே போகிறது, சுவரில் மாட்டியிருக்கும் பாதுகாப்புப் பலகையில் கடைசி விபத்து முடிந்து எத்தனை நாள், ரிசப்ஷனில் இருக்கும் பெண் எந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார். அதுவும் ஒரு வகையில் படிப்புதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அன்று எனக்கு டார்கெட் பயம், வேறொன்றுமில்லை.

தம்பி இப்போது தனியாகச் சுற்றுகிறார். போன மாதம் ஒரே தொழிற்சாலையில் இருவரும் தற்செயலாகச் சந்தித்தோம், அவர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பழுப்புத் தாள் அட்டை போட்ட புத்தகம். என்ன புத்தகம் என்று கேட்டேன், சொல்லவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். பென்சிலை நடுவில் வைத்து மூடிவிட்டு எழுந்து போனார்.